மலையின் கணக்கு மணலில் இருக்கிறது

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர் பெயர்களும், படையெடுப்புக்களும், முடிசூட்டு ஆண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த வரலாறு அத்தகையது. மனிதன் எழுத்தறிந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் வரலாறு என ஒன்று உண்டா என்று நாம் கேட்டதில்லை; கேட்கும்படி நம்மைத் தூண்டியவரும் மிகச் சிலரே. ஆயினும், அரசர்கள் எல்லை வகுத்த மலைகளுக்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, தேய்வும் உண்டு. அவற்றுக்கு நாளும் ஆண்டும் குறிக்கலாம் என்று துணிந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பின் கதையை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம்முடைய பேச்சில் அசையாமைக்கு உவமை மலை. ஒருவரை முழுதும் நம்பினால், ‘மலைபோல் நம்பினேன்’ என்கிறோம். மலைகளுள்ளும் இமயம் என்றால் ஆதியும் அந்தமும் அற்றது என்றே எண்ணி வந்தோம். ஆனால், உலக மலைகளுள் இமயம் மிகவும் இளையது. நம் முன்னோர் பிறந்து வளர்ந்த தென்னாட்டின் நீலகிரிப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையவை; இமயமோ கடந்த 5 கோடி ஆண்டுகளுக்குள் எழுந்தது. இதனை எவ்வாறு அறிந்தார்கள்? மலையுச்சியில் ஏறிப் பார்த்தா? இல்லை. மலையடிவாரத்து மணலையும் சேற்றையும் தோண்டிப் பார்த்துத்தான்.

இது வியப்பாகத் தோன்றலாம். மலையின் வயதை மலையிடமே கேட்டால் என்ன என்று எவரும் வினவுவர். கேட்டுப் பார்ப்போம். எவரெஸ்டின் உயரம் 29,032 அடி. அதன் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை அவை. ஆகவே, அப்பாறை ஒரு காலத்தில் கடலின் அடியில் கிடந்தது என்பது உறுதி. ஆனால், அது எப்பொழுது கடலைவிட்டு மேலெழுந்தது என்று கேட்டால் அக்கல் வாய் திறப்பதில்லை. கல் உண்டான காலம் வேறு; மலை உண்டான காலம் வேறு. வீட்டுக்கு வாங்கிய மரத்தின் வயதைக்கொண்டு வீடு கட்டிய ஆண்டைச் சொல்ல முடியாது அன்றோ!

மேலும், மலை தன் சான்றைத் தானே அழித்துக்கொள்ளும் இயல்புடையது. அது உயர உயர, மழையும் பனியும் ஆறும் அதனை அரித்துக்கொண்டே இருக்கின்றன. முதலில் மேலே இருந்த பாறைகள் முதலிற் கரைந்து போகின்றன. இன்று நாம் காணும் சிகரம், எத்தனையோ மைல் கனமுள்ள பாறை கழிந்துபோன பின் எஞ்சி நிற்கும் மிச்சமே. அங்ஙனமாயின், கழிந்துபோனது எங்கே?

நம் தோட்டங்களில் பெருமழை பெய்த மறுநாள் சரிவிலிருந்து இறங்கும் ஓடையைப் பார்த்தவர்க்கு விடை தெரியும். ஓடை செந்நீராக ஓடும். கீழே பள்ளத்தில் சேறு ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும். மேட்டின் செலவு பள்ளத்தின் வரவு. கிராணிமார் தினமும் கையாளும் கணக்குப் புத்தகத்தின் விதியும் இதுவே: ஓரிடத்திற் பற்றெழுதியது மற்றோரிடத்தில் வரவாக இருந்தே தீரவேண்டும். மலை தன் செலவுக் கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால், வரவுக் கணக்கு அடிவாரத்துப் பள்ளத்தில் ஏடு ஏடாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏடுகளுக்குத் தேதி குறிக்கத் தெரிந்தால் மலையின் வரலாறு வெளிவந்துவிடும்.

இனி, அப்பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பார்ப்போம். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரும் பாளங்களாகப் பிளவுண்டு, ஆண்டுக்குச் சில அங்குலம் என்ற கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியாவைச் சுமந்த பாளம் தெற்கேயிருந்து வடக்கு நோக்கி வந்தது. அதற்கும் ஆசியாவுக்கும் இடையே ஒரு பெருங்கடல் இருந்தது. அதற்கு அறிஞர்கள் இட்ட பெயர் டெதிஸ். இந்தியா நெருங்க நெருங்கக் கடல் ஒடுங்கிற்று. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலங்களும் மோதின. மோதிய விளிம்பில் பாறைகள் மடிந்தும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் மலையாயின. அம்மலையின் பாரம் தாங்காமல் அதன் தெற்கேயுள்ள நிலம் வளைந்து தாழ்ந்தது. வாய்க்காலின் குறுக்கே இட்ட பலகையின்மேல் ஒரு பக்கமாக அரிசி மூட்டையை ஏற்றினால், மூட்டை இருக்கும் பக்கம் பலகை தாழ்வதைப் பார்த்திருக்கிறோம். அதுபோன்றதே இது. சிந்துவும் கங்கையும் பாயும் சமவெளி முழுவதும் அவ்வாறு தாழ்ந்த பள்ளத்தை வண்டல் நிரப்பியதால் உண்டானது. மலை உயரும்போது பள்ளமும் ஆழ்கிறது. பள்ளம் ஆழும்போது வண்டல் மேலும் தங்குகிறது. எனவே, பள்ளத்தின் கணக்கு மலையின் கணக்கோடு இணைபிரியாதது.

இந்தக் கணக்கேட்டை முதலிற் புரட்டியவர்கள் அதனைக் கணக்கேடு என்று அறிந்து புரட்டவில்லை. இமயத்தின் தென்னடிவாரத்தில், கங்கை மலையைவிட்டுச் சமவெளியில் இறங்கும் அரித்துவாரத்தின் அருகே, சிவாலிக் என்னும் தாழ்ந்த குன்றுத் தொடர் உண்டு. அக்குன்றுகள் பெரும்பாலும் மணற்கல்லும் களிமண்ணும் கூழாங்கல்லும் ஆனவை. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கால்வாய் வெட்டுவித்தபோது அப்பக்கத்தில் பேரெலும்புகள் வெளிப்பட்டன என்றும், அவற்றிற் சில மனித எலும்புகளாகக் கருதப்பட்டன என்றும் பெரிஷ்தா என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். பேரெலும்பைக் கண்டவர் அரக்கன் இருந்தான் என்றனர். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் இருவர். ஒருவர் ஹியூ பால்கனர். சகரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளர், மருத்துவம் படித்தவர். மற்றவர் பிராபி காட்லி. பிற்காலத்தில் கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். 1830களில் இருவரும் அக்குன்றுகளிலிருந்து எலும்புகளைத் திரட்டினர். அவை அரக்கருடையவை அல்ல. யானையின் மூதாதைகள், நீர்யானை, பேராமை, ஒட்டகச்சிவிங்கியின் இனத்தைச் சேர்ந்த கொம்புடைய பெருவிலங்கு ஆகியவற்றின் எலும்புகள் கல்லாகிக் கிடந்தன. 1837இல் இலண்டன் பூவியற் கழகம் தன் உயரிய பதக்கத்தை இருவருக்கும் அளித்தது. பனிமலையின் அடியில் நீர்யானை நீந்திய ஆறும் சதுப்பும் இருந்தன என்று உலகம் அன்று அறிந்தது.

அவர்களுக்குப் பின் இந்தியப் பூவியல் ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த கை பில்கிரிம் என்பவர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிவாலிக் படிவுகளை விலங்கெச்சங்களின் துணைகொண்டு கீழிருந்து மேலாகப் பல அடுக்குகளாக வகுத்தார். கீழ் ஏடு பழையது, மேல் ஏடு புதியது என்பது அவருடைய விதி. இன்ன விலங்கு ஐரோப்பாவில் இன்ன அடுக்கில் இருக்கிறது. இங்கும் அது இருப்பதால் இரண்டும் ஒரே காலத்தவை என்பது அவருடைய முறை. சிறந்த முறையே, ஆயினும் அதில் இரண்டு குறைகள் இருந்தன. எது முன், எது பின் என்று அது சொல்லும்; எத்தனை ஆண்டு என்று சொல்லாது. இரண்டாவதாக, ஒரு விலங்கு ஒரு நாட்டில் தோன்றி மற்றொரு நாட்டுக்கு நடந்து வர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அது கணக்கில் எடுக்காது. பக்கங்கள் வரிசையாக இருந்தன. தேதி மட்டும் இல்லை.

தேதியைக் கொடுத்தது காந்தம். இது எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்த உதவி. ஆற்று வண்டலில் இரும்புச் சத்துள்ள நுண்துகள்கள் உண்டு. அவை நீரில் அமைதியாகப் படியும்போது திசைகாட்டும் முள்ளைப்போல் வடக்கு நோக்கித் திரும்பிப் படிகின்றன. பின் மேலே மண் அழுத்த அப்படியே உறைந்துவிடுகின்றன. 1906இல் பிரெஞ்சு அறிஞர் பெர்னார்டு புரூன், சில பழம்பாறைகளில் இம்முள் தலைகீழாகத் தெற்கு நோக்கி உறைந்திருப்பதைக் கண்டார். 1929இல் ஜப்பானிய அறிஞர் மத்துயாமா, பூமியின் காந்தமே பண்டைக் காலத்தில் தலைகீழாக இருந்தது என்று எடுத்துக்காட்டினார். 1960களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எரிமலைப் பாறைகளின் வயதை அளந்து, காந்தம் எவ்வெப்போது புரண்டது என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்தனர். கடைசியாகப் புரண்டது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அதற்கு முன்னும் பலமுறை, ஒழுங்கற்ற இடைவெளிகளில் புரண்டிருக்கிறது. அந்த ஒழுங்கின்மையே நமக்கு நன்மை. நீண்டதும் குறுகியதுமான இடைவெளிகள் அமைந்த வரிசை கைரேகையைப்போல் தனித்தன்மை உடையது. ஒரு குன்றின் அடுக்குகளில் அவ்வரிசையைக் கண்டால், அதனை உலக அட்டவணையோடு ஒப்பிட்டு ஆண்டு குறிக்கலாம்.

1970களிலும் 1980களிலும் நீல் ஆப்டைக், நோய் ஜான்சன் முதலிய அமெரிக்க அறிஞர்களும் பாகிஸ்தான் அறிஞர்களும் கூடி, வட பாகிஸ்தானின் பொத்துவார் மேட்டு நிலத்தில் இவ்வேலையைச் செய்தனர். ஓடைகள் அறுத்துக் காட்டிய சரிவுகளில் அடுக்கடுக்காக ஏறி, கல்லின் திசையைக் குறித்து, துண்டு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அளந்தனர். இடையிடையே கிடந்த எரிமலைச் சாம்பற் படிவுகளின் வயதை வேறு முறையால் தனியே அளந்து சரிபார்த்தனர். அதன் பயனாகச் சிவாலிக் ஏடுகளுக்குத் தேதி கிடைத்தது. அவை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் படிந்தவை. வட அமெரிக்காவில் தோன்றிய மூவிரற் குதிரை ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வந்து சேர்ந்தது. சிஞ்சி என்னும் ஊரை அடுத்த படிவுகளில், ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வண்டல் குவியும் வேகம் மிகுந்தது. அஃதாவது, வடக்கே மலையின் பாரம் கூடிப் பள்ளம் விரைந்து தாழ்ந்தது.

கீழ் ஏடுகள் இன்னும் பழைய செய்தியைச் சொல்கின்றன. சிம்லா செல்லும் வழிப்பக்கத்தில் சபாத்து என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள படிவுகளில் காசுபோல் வட்டமான சிறு கடலுயிர்களின் ஓடுகள் மலிந்துள்ளன. 4 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அங்குக் கடல் இருந்தது என்பதற்கு அவை சான்று. அதற்கு மேலுள்ள படிவுகளிற் கடலுயிர் இல்லை. ஆறு கொணர்ந்த செம்மண்ணும் மணலுமே உள்ளன. கடல் கடைசியாக விலகிய பக்கம் எது என்று நம் விரலால் தொட்டுக் காட்டலாம்.

ஏடுகளுக்கு மட்டுமன்றி, ஏட்டிலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் வயது காணும் முறையும் பிற்பாடு கைவந்தது. காக்காய்ப்பொன் என்று சிறுவர் பொறுக்கி விளையாடும் அப்பிரகத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பொட்டாசியம் இருக்கிறது. அதன் ஒரு சிறு பகுதி காலப்போக்கில் ஆர்கான் என்னும் வாயுவாக மாறிக்கொண்டிருக்கிறது. தகடு பூமியின் ஆழத்தில் மிகுந்த சூட்டில் இருக்கும்வரை அவ்வாயு தங்காமல் வெளியேறிவிடும். தகடு மேலெழுந்து குளிர்ந்தபின் வாயு உள்ளேயே அடைபடும். அடைபட்ட வாயுவை அளந்தால் தகடு குளிர்ந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று தெரியும். சிர்க்கான் என்னும் கடினமான மணியில் யுரேனியம் பிளந்து விட்ட தழும்புகளை எண்ணியும் இவ்வாறே கணக்கிடலாம். இப்பொழுது இரண்டு தேதிகள் நம் கையில் உள்ளன: மணி ஆழத்திலிருந்து மேலெழுந்து குளிர்ந்த தேதி ஒன்று, அது பள்ளத்தில் வந்து படிந்த தேதி மற்றொன்று. இரண்டுக்கும் இடைவெளி குறுகியதாயின், மலை விரைந்து எழுந்தது, விரைந்து அரிக்கப்பட்டது என்று பொருள். 1988இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பாகிஸ்தானத்துச் சிவாலிக் மணலில் கிடைத்த இளைய சிர்க்கான் மணிகள் படிவதற்குச் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் குளிர்ந்தவை என்று கண்டனர். 1 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளாக இமயத்தில் ஏதேனும் ஒரு பகுதி ஓயாமல் விரைந்து எழுந்துகொண்டே இருந்தது என்பதற்கு அம்மணிகள் சாட்சி கூறின.

கணக்கு என்று இருந்தால் பொய்க் கணக்கும் உண்டு. தவறிய கணக்கும் உண்டு. இரண்டும் இவ்வரலாற்றில் நேர்ந்தன.

1989இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் ஒரு குற்றச்சாட்டை உலகறிய வெளியிட்டார். இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்றின் பேராசிரியர் கால் நூற்றாண்டுக் காலமாக இமயத்திற் கண்டெடுத்தவை என்று அறிவித்து வந்த எச்சங்கள் பல இமயத்தைச் சேர்ந்தவையே அல்ல. மொராக்கோவிலும் நியூயார்க்கிலும் கிடைக்கும் எச்சங்கள் அவை என்று அவர் எடுத்துக்காட்டினார். அப்பேராசிரியரை நம்பிக் கூட்டாக எழுதியவர் பலர்; அவர் எழுதியதை மேற்கோளாகக் கொண்டவர் அதனினும் பலர். ஒரு பொய்ப் பதிவு எத்தனை ஏடுகளைக் கெடுக்கும் என்பதைக் கணக்கு எழுதுவோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால், இதில் ஓர் ஆறுதலும் உண்டு. பொய்யைக் கண்டுபிடித்ததும் அந்தத் துறையினரே. கண்டுபிடித்த வழியும் அதே கல்லைத் திரும்ப எடுத்து ஆராய்ந்ததே.

தவறிய கணக்கு வேறு வகையானது. அதில் வஞ்சகம் இல்லை. வட பாகிஸ்தானில் பாலாகோட் என்னும் நகரத்தருகே ஆற்று வண்டற் படிவுகள் உள்ளன. அவற்றினிடையே கடல்வாழ் உயிரெச்சங்கள் கொண்ட நான்கு சுண்ணக் களிமண் அடுக்குகள் இருந்தன. அவ்வெச்சங்களைக் கொண்டு, வண்டல் முழுவதும் 5½ கோடி ஆண்டுக்கு முற்பட்டது என முடிவு செய்தனர். இமயம் அரிக்கப்படத் தொடங்கிய காலமும் அதுவே என்று நூல்களில் ஏறிவிட்டது. 2001இல் யானி நஜ்மன் என்னும் அம்மையாரும் அவர்தம் கூட்டாளிகளும் அந்த மணலிலிருந்து 257 அப்பிரகத் தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றாக வயது பார்த்தனர். மிகுதியான தகடுகள் குளிர்ந்தது 3 கோடியே 60 இலட்சம் முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இன்னும் குளிராத தகடு முன்னதாகவே வந்து படிந்திருக்க முடியுமா? பிள்ளை பிறக்குமுன் பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறுமா? மீண்டும் மலைக்குச் சென்று வரைபடம் எடுத்துப் பார்த்தபோது, அந்த நான்கு அடுக்குகளும் வண்டலோடு படிந்தவை அல்ல, பிற்காலத்தில் பாறை நெருக்கத்தால் இடையே செருகப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தனர். வேறு புத்தகத்தின் தாள் இப்புத்தகத்தில் தைக்கப்பட்டிருந்தது. ஒரே நாளில் இமயத்தின் கணக்கில் 1½ கோடி ஆண்டுக்கு மேல் திருத்தம் ஏற்பட்டது. பெரிய பெயர்கள் எழுதிய முடிவை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத 257 தகடுகள் மாற்றின என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பாலாகோட்டின் பெயர் 2005இல் மீண்டும் உலகின் காதில் விழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அந்நகரம் தரைமட்டமாயிற்று. மலை எழுந்த வரலாறு முடிந்துபோன வரலாறன்று.

சான்று சரியாக இருந்தும் பொருள் கொள்வதில் வழக்கு எழுவதும் உண்டு. சிவாலிக் படிவுகளின் மேல் ஏடுகளில் பெருங்கூழாங்கற்கள் மிகுகின்றன. கல் பெரிதாயிற்று, ஆகவே ஆறு வேகம் கொண்டது, ஆகவே மலை உயர்ந்தது என்று பலர் கூறினர். 1990இல் மோல்னர், இங்கிலண்டு என்னும் இருவர் எதிர்வழக்கு ஆடினர். கடந்த 30, 40 இலட்சம் ஆண்டுகளில் உலகெங்கும் குளிர் மிகுந்தது, பனியாறுகள் பெருகின, மலை உயராமலே அரிப்பு மட்டும் கூடியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற நிலை! இவ்வழக்கைத் தீர்க்க அடிவாரத்து ஏடு போதவில்லை. அடிவாரத்தில் தங்குவது வண்டலில் ஒரு பகுதியே. பெரும்பகுதியை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோய்விடுகின்றன. ஆகவே அறிஞர்கள் கடலுக்குப் போனார்கள்.

கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. அதில் கடலை அடைவது வங்கக் கடலின் அடியில் விசிறிபோல் விரிந்து, இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டுக்கும் அப்பால், ஏறத்தாழ 1,900 மைல் நீளம் பரவிக் கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய வண்டல் விசிறி இதுவே. ஜோசப் கர்ரே, டேவிட் மூர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1971இல் இதனை இமயத்தின் தேய்வோடு இணைத்து எழுதினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார், தாம் கடக்கும் கருங்கடலின் அடியில் கரைந்துபோன இமயம் படுத்திருக்கிறது என்பதை அறிந்திரார். நம்மை இந்நாட்டுக்குக் கொணர்ந்த வழியே மலையின் கணக்கேட்டின்மீது சென்ற வழி.

அவ்வேட்டைத் துளையிட்டுப் பார்க்க 1987இல் ஒரு கப்பல் இலங்கைக்குத் தெற்கே சென்றது. 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள வண்டலை மேலே கொணர்ந்தது. 2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் அக்கப்பலே சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, வங்கக் கடலில் 8 பாகை வட அட்சத்தில் ஏழு இடங்களில் துளையிட்டுக் கொழும்பை அடைந்தது. அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ 12,000 அடி. அவ்வாறு எடுத்த மணலைக்கொண்டு 2020இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மலைமேல் வெளிப்பட்டுக் கிடக்கும் வெண்கல் மணிகளில் ஒருவகைப் பெரிலியத்தை உண்டாக்குகின்றன. மலை மெல்ல அரிக்கப்பட்டால் மணி வெளியில் நெடுநாள் கிடந்து அதனை மிகுதியாகச் சேர்க்கும். விரைந்து அரிக்கப்பட்டால் குறைவாகச் சேர்க்கும். அவர்கள் அளந்ததில், கடந்த 60 இலட்சம் ஆண்டுகளில் இமயத்தின் அரிப்பு வேகம் பெரிதும் மாறாமலே இருந்திருக்கிறது. குளிர் வந்து அரிப்பைப் பெருக்கிற்று என்ற வாதம், குறைந்தது இமயத்தளவில், இதனால் தளர்ந்தது. வழக்கு முழுதும் தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. புதிய சாட்சி ஒன்று கூண்டிலேறி இருக்கிறது.

இவையெல்லாம் பல கோடி ஆண்டுக்கு முந்திய செய்திகள். நம் வாழ்வுக்கு இவற்றால் என்ன என்று கேட்கும் நேயர்களும் இருக்கலாம். அவர்களுக்கு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நினைவூட்டுகிறோம். சுமத்திராவின் மேல்கடலில் நிலம் நடுங்கிற்று, கடல் பொங்கிற்று. தமிழ்நாட்டில் மிகப் பெரிய உயிர்ச்சேதம் நாகப்பட்டின மாவட்டத்தில். பினாங்குக் கடற்கரையிலும் கெடாக் கடற்கரையிலும் நம்மவரும் பிறருமாக மக்கள் மாண்டனர். கப்பல் வழியின் இரு முனைகளிலும் ஒரே நாளில் ஒப்பாரி எழுந்தது.

அந்நடுக்கத்தின் காரணத்தை ஆராய, 2016இல் அதே கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடலில் துளையிட்டு, சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. அங்குக் கிடைத்த வண்டலிற் பெரும்பகுதி இமயத்திலிருந்து வந்தது! வங்க விசிறியின் கீழைக் கிளையாகிய நிக்கோபார் விசிறி அது. ஏறத்தாழ 95 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் வண்டல் திடீரெனப் பெருகியது; ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் குன்றியது. அவ்வாறு குவிந்த கனத்த வண்டலின் அடிப்பகுதி பூமிச் சூட்டில் வெந்து, தன் கனிப்பொருள்களில் அடங்கிய நீரை இழந்து இறுகிவிட்டது என்றும், அவ்விறுகிய வண்டல் சுமத்திராவின் கீழ்ச் செருகும் இடத்தில் நிலப்பிளவு கடலடிக்கு மிக அருகில் வரை ஓட ஏதுவாகி, நடுக்கத்தின் பெருமையைக் கூட்டியிருக்கலாம் என்றும் அவ்வறிஞர்கள் 2017இல் எழுதினர். எங்கோ வடக்கே ஒரு மலை தேய்ந்தது. அதன் துகள் இரண்டாயிரம் மைல் கடந்து வந்து படுத்தது. ஒருநாட் காலையில் அது நம் கரையின் துயரத்தில் பங்கு கொண்டது. வேறு எந்தக் கடற்பள்ளத்தில் இத்தகைய கனத்த வண்டல் இருக்கிறது என்று முன்கூட்டியே ஆராய்ந்து எச்சரிக்க இவ்வறிவு உதவும். வண்டலுக்குத் தேதி குறிப்பது வெறும் ஆராய்ச்சி விளையாட்டன்று என்பது இதனால் விளங்கும்.

தோழர்களே! இக்கதையில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. இமயத்தின் வரலாற்றை எவரும் தெய்வ வாக்காக அருளவில்லை. எந்த ஒரு பேரறிஞரும் ஒரே நூலில் எழுதி முடிக்கவில்லை. எலும்பு ஒன்று சொல்லிற்று. காந்தம் அதனைச் சரிபார்த்தது. சாம்பல் காந்தத்தைச் சரிபார்த்தது. தகடு எலும்பைத் திருத்திற்று. கடல்மணல் கூழாங்கல்லைக் கேள்வி கேட்டது. ஒன்றையொன்று சாராத பல கணக்குகள் ஒரே தொகைக்கு வந்தால்தான் அத்தொகையை ஒப்புக்கொள்வது என்ற பிடிவாதமே இவ்வறிவை வளர்த்தது. பழமையானது, பெரியவர் சொன்னது, அச்சில் வந்தது என்பதற்காக எதையும் ஏற்காமல், வரவும் பற்றும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் நம் வீட்டிலும் சங்கத்திலும் வளர வேண்டும்.

தோட்டத்துப் பள்ளியிலோ பட்டணத்துப் பள்ளியிலோ பயிலும் நம் பிள்ளைகள் ஆற்றோரம் சென்று கைநிறைய மணல் அள்ளி வந்தால், ‘அழுக்கை எறி’ என்று அதட்டாதீர்கள். அதில் மின்னும் துகள் எந்த மலையிலிருந்து வந்தது, வழியில் எத்தனை நாள் தங்கியது, இனி எங்கே போகும் என்று அவர்களைக் கேளுங்கள். விடை உடனே தெரியாவிட்டாற் குற்றமில்லை. பால்கனருக்கும் காட்லிக்கும் முதல் நாள் விடை தெரியாது, கேட்கத் தெரிந்திருந்தது.